நான்கு ஃபீடர் மீதி

வீட்டில் குறுக்குக் கோடு போட்ட டி-சர்ட் இருக்கிறதா? எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெளியே தெரிகிற அதே அழுத்தத்தில் உள்ளேயும் கோடு தெரிந்தால், அது பிரிண்ட் அடித்த கோடு இல்லை. துணியைப் பின்னும்போதே சாய நூலால் விழுந்த கோடு. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினால் வெள்ளையில் இத்தனை வரி, நீலத்தில் இத்தனை வரி, மறுபடியும் வெள்ளை என்று ஒரே ஒழுங்கில் வந்துகொண்டே இருக்கும். அந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் நீங்கள் போட்ட அதே வகுத்தல்தான். ஆனால் இங்கே ஈவு எவ்வளவு என்று யாரும் முதலில் கேட்பதில்லை. மீதி எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

மங்கலம் திருப்பூருக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கிற ஊர். சோமனூர், சாமளாபுரம் பக்கமிருந்து வருகிற ஆறு இந்த ஊரைத் தொட்டுவிட்டுத்தான் திருப்பூர் போகிறது. இங்கே தெருவில் நடந்தாலே விசைத்தறிச் சத்தம் கேட்கும். தறியில் ஓடுவது பெரும்பாலும் காடா துணி. அதோடு பனியன் வேலையும் சேர்ந்துகொண்ட வட்டாரம் இது. நிட்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஏதாவது ஒன்றில் வேலை பார்ப்பவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இருந்தால் இந்தக் கட்டுரையை அவர்களிடமும் காட்டுங்கள். என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.

தறியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். நிட்டிங் மெஷினில் அப்படி இல்லை. நடுவில் ஓர் உலோக உருளை. அதன் விளிம்பைச் சுற்றி நெருக்கமாக ஊசிகள். 24 அங்குல டயா (குறுக்களவு), 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) உள்ள மெஷின் என்றால் ஏறக்குறைய 1,800 ஊசிகள். உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றி வட்டமாக ஃபீடர்கள் நிற்கும். ஒவ்வொரு ஃபீடரும் ஒரு கோனிலிருந்து வரும் நூலைத் தன்னைக் கடந்து போகும் ஊசிகளுக்குக் கொடுக்கும். நாம் சாதாரணமாகப் போடும் பனியன் துணியில், உருளை ஒரு முறை சுற்றி முடித்தால் ஒரு ஃபீடர் ஒரு வரி பின்னி முடித்திருக்கும். மெஷினில் 84 ஃபீடர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 84 வரி துணி இறங்கும்.

இப்போது கோடு போடுவோம். நான்கு வரி வெள்ளை, இரண்டு வரி நீலம், இதே திரும்பத் திரும்ப. டிசைன் முழுதாக ஒரு முறை வர 6 வரி ஆகிறது. தொழிலில் இதை ரிப்பீட் என்பார்கள். முதல் நான்கு ஃபீடரில் வெள்ளை நூல், அடுத்த இரண்டில் நீலம், மறுபடி நான்கு வெள்ளை என்று வரிசையாக மாட்டிக்கொண்டே போனால், 84 = 6 × 14. கடைசி ஃபீடரில் பதினான்காவது ரிப்பீட் சரியாக முடிகிறது. அடுத்த சுற்று புதிதாக வெள்ளையில் தொடங்குகிறது. மீதி 0. துணியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து ஓர் ஆர்டர் வருகிறது.

"மூணு வெள்ளை, ரெண்டு நீலம்னு போட்டிருக்குதுங்கண்ணா. அப்படியே மாட்டிரட்டுங்களா?"

"ரிப்பீட் அஞ்சா வருதே கண்ணு. எண்பத்துநாலுல அஞ்சு போகாது. நாலு ஃபீடரைக் காலியா விட்டுட்டு மாட்டு."

இப்படி ஒரு பேச்சு நிட்டிங் ஷெட்டில் நடந்தால், அங்கே வகுத்தல் கணக்கு ஒன்று முடிந்துவிட்டது என்று அர்த்தம். 84 = 5 × 16 + 4. மீதி 4. அந்த நான்கு ஃபீடரையும் காலியாக விடாமல் வரிசையாக நூல் மாட்டினால் என்ன ஆகும்? பதினாறு ரிப்பீட் முடிந்தபின் மிஞ்சிய நான்கு ஃபீடரில் மூன்று வெள்ளையும் ஒரு நீலமும் விழும். உடனே அடுத்த சுற்று வெள்ளையில் தொடங்கிவிடும். இரண்டு வரி இருக்க வேண்டிய நீலக் கோடு அந்த இடத்தில் மட்டும் ஒரே வரியாக மெலிந்துபோகும். ஒரு முறை இல்லை. ஒவ்வொரு 84 வரிக்கும் ஒரு தடவை. துணி முழுக்க அந்தப் பிசகு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். செக்கிங்கில் கண்ணில் படாமல் தப்பாது.

நான்கைக் காலியாக விட்டால் துணி சரியாக வரும், ஆனால் ஒரு சுற்றுக்கு 84 வரிக்குப் பதில் 80 வரிதான் இறங்கும். நூற்றுக்கு ஏறக்குறைய 5 வீதம் உற்பத்தி குறைகிறது. மீதி 4 என்று நோட்டில் எழுதுகிறோமே, அந்த 4-க்கு இங்கே நேரமும் கூலியும் கரண்டும் விலையாகப் போகிறது. இதே டிசைனை 90 ஃபீடர் மெஷினுக்குக் கொண்டுபோனால் 90 = 5 × 18, மீதியே இல்லை. ஆனால் அந்த மெஷினில் 4 வரி ரிப்பீட் போட்டால் 2 மிஞ்சும். 84-இல் 4 அழகாக அடங்கும். எந்த டிசைனை எந்த மெஷினில் ஏற்றுவது என்பதை இப்படி மீதிதான் தீர்மானிக்கிறது. நிறத்தை மெஷினே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஸ்டிரைப்பர் வேறு வகை. அதில் பெரிய பெரிய ரிப்பீட்டும் போடலாம். நாம் பேசுவது சாதாரண ஃபீடர் ஸ்டிரைப்.

அப்படியானால் எந்த எண்ணிக்கையில் ஃபீடர் இருந்தால் அதிக டிசைனுக்கு ஒத்துவரும்? அங்குலத்துக்கு 3 ஃபீடர் என்பது பரவலாக உள்ள அமைப்பு. அந்தக் கணக்கில் 24 அங்குல டயாவுக்கு 72, 28 அங்குலத்துக்கு 84, 30 அங்குலத்துக்கு 90, 32 அங்குலத்துக்கு 96. இந்த நான்கு எண்களையும் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எத்தனை எண்களால் மீதியின்றி வகுபடும் என்று பாருங்கள். 84-க்கு 1, 2, 3, 4, 6, 7, 12, 14, 21, 28, 42, 84. மொத்தம் 12 வகுத்திகள். 72-க்கும் 12. 90-க்கும் 12. 96-க்கும் 12! நூறுக்குள் எந்த எண்ணுக்கும் 12-க்கு மேல் வகுத்திகள் கிடையாது. 12 வகுத்திகள் உள்ள எண்களே ஐந்துதான்: 60, 72, 84, 90, 96. அவற்றில் நான்கு மெஷின்களில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இது திட்டமிட்ட ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். 26 அங்குலத்துக்கு அதே கணக்கில் 78 ஃபீடர் வரும், அதற்கு 8 வகுத்திகள்தான்.

வகுத்திகளை ஒவ்வொன்றாகத் தேடாமல் எண்ணவும் வழி உண்டு. எண்ணைப் பகா எண்களாக உடையுங்கள். 84 = 2 × 2 × 3 × 7. ஒரு வகுத்தியை உருவாக்க இரண்டை எத்தனை தடவை சேர்க்கலாம்? சேர்க்காமலும் விடலாம், ஒரு தடவையும் சேர்க்கலாம், இரண்டு தடவையும் சேர்க்கலாம், 3 வழி. மூன்றுக்கு 2 வழி, ஏழுக்கு 2 வழி. 3 × 2 × 2 = 12. தேர்வில் "84-க்கு எத்தனை வகுத்திகள்?" என்று கேட்டால் இவ்வளவுதான் வேலை.

தன்னைவிடச் சிறிய எண்கள் எதற்கும் இல்லாத அளவுக்கு அதிக வகுத்திகள் கொண்ட எண்களைத் தேடி ஒருவர் பெரிய ஆராய்ச்சியே செய்தார். அவர் பிறந்தது நமக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில், 1887 டிசம்பர் 22. சீனிவாச ராமானுஜன். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும் இந்த வரிசையைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியானது. கல்லூரியில் கணிதம் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் பட்டம் வாங்க முடியாமல்போனவருக்கு, இந்த ஆய்வை வைத்துத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. 12 வகுத்திகளை முதலில் எட்டிப் பிடிக்கும் எண் 60 என்பதால் அவர் வரிசையில் 60-க்கு இடம் உண்டு. பின்னால் வரும் 72-க்கும் 84-க்கும் இடம் இல்லை. 60-ஐ முந்த வேண்டுமானால் 120 வரை போக வேண்டும். அதற்கு 16 வகுத்திகள்.

இனி தேர்வுக்கு வருவோம். மங்கலம் பக்கத்து அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்பு படிக்கிறவர்கள் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தேர்ச்சி பெற்று உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது சின்னத் தொகை இல்லை. படிப்பை நிறுத்தாமல் தொடர்வதற்கான பிடிமானம். அதில் மனத்திறன் தாளில் 90 கேள்வி, 90 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். வகுத்தல், மீதி பற்றிய கேள்வியில் நீள் வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தால் அந்த நிமிடம் போய்விடும். வகுக்காமலே மீதியைக் காணத் தெரிந்தவருக்கு அது பாதி நிமிட வேலை.

4,732-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி என்ன? இலக்கங்களைக் கூட்டுங்கள்: 4 + 7 + 3 + 2 = 16; 1 + 6 = 7. மீதி 7. "கூட்டினால் வந்துவிடும்" என்று சொல்லிக்கொடுத்ததோடு பல இடங்களில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் பதற்றத்தில் மறக்காது. ஆயிரம் என்பது 999 + 1. நான்கு ஆயிரத்தில் நான்கு 999-களை 9 விழுங்கிவிடும், 4 மிஞ்சும். நூறு என்பது 99 + 1. எழுநூறில் 7 மிஞ்சும். பத்து 9 + 1. முப்பதில் 3 மிஞ்சும். ஒன்றாம் இடத்து 2 அப்படியே நிற்கும். ஆக மிஞ்சியவை எல்லாம் அந்த எண்ணின் இலக்கங்களே. அதனால்தான் கூட்டுகிறோம். 3-க்கும் இதே காரணம் பொருந்தும். 4-க்கு ஏன் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் போதும், 8-க்கு ஏன் மூன்று என்பதை இதே வழியில் நீங்களே யோசித்துக் கண்டுபிடியுங்கள். நூறும் ஆயிரமும் உதவும்.

ஒன்பதைப் பற்றி இன்னொன்று. கம்பெனியில் கணக்கு எழுதுபவர்களுக்கு ஒரு பழைய உத்தி தெரியும். பில்லில் உள்ள தொகையும் நோட்டில் உள்ள தொகையும் ஒத்துவரவில்லை, வித்தியாசத்தை எடுக்கிறார்கள், அது 9-ஆல் வகுபடுகிறது. உடனே, எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்று தேடத் தொடங்குவார்கள். 4,653-ஐ 4,563 என்று எழுதினால் வித்தியாசம் 90. 72-ஐ 27 என்று எழுதினால் 45. எந்த இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதினாலும் வித்தியாசம் 9-இன் மடங்காகவே வரும். காரணம் மேலே சொன்னதுதான்: இலக்கங்கள் இடம் மாறினாலும் அவற்றின் கூட்டல் மாறுவதில்லை, ஆகவே 9-ஆல் வகுத்த மீதியும் மாறுவதில்லை.

ஏழுதான் பலரைப் பயமுறுத்தும். அதற்கு ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1001 = 7 × 11 × 13. ஆறு இலக்க எண் எது வந்தாலும் நடுவில் வெட்டுங்கள். 527384 என்பது 527 ஆயிரமும் 384-உம். ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு. அதனால் 527 ஆயிரம் என்பது, 1001-இன் மடங்குக்கு 527 குறைவு. 384-இலிருந்து 527-ஐக் கழித்தால் 143 குறைகிறது. 143 = 11 × 13. ஆகவே கொடுத்த எண் 11-ஆலும் 13-ஆலும் மீதியின்றி வகுபடும். 7-க்கு? 143-ஐ அடுத்து வரும் ஏழின் மடங்கு 147. 147 − 143 = 4. மீதி 4. சந்தேகம் இருந்தால் ஒரு முறை முழுதாக வகுத்துப் பாருங்கள், நம்பிக்கை வரும்.

இந்தக் "குறைகிறது" என்ற பார்வை மிகவும் பயன்படும். ஓர் எண்ணை 5-ஆல் வகுத்தால் மீதி 4, 6-ஆல் வகுத்தால் 5, 7-ஆல் வகுத்தால் 6. அப்படிப்பட்ட மிகச் சிறிய எண் எது? மூன்று வேறு மீதிகள் என்று பார்த்தால் சிக்கல். மூன்றிலும் ஒன்றே ஒன்று குறைகிறது என்று பார்த்தால் சிக்கலே இல்லை. 5, 6, 7 மூன்றின் மீ.சி.ம. 210. ஒன்று குறைத்தால் 209.

பேக்கிங்கில் இதைவிடத் தந்திரமான ஒரு கணக்கு இருக்கிறது. எஸ், எம், எல், எக்ஸ்எல் சைஸ்களை 1 : 2 : 2 : 1 ரேஷியோவில் போட வேண்டும் என்று ஆர்டர். ஒரு செட்டுக்கு 6 பீஸ். தைத்து வந்தவை எஸ் 510, எம் 990, எல் 1,010, எக்ஸ்எல் 500. எத்தனை பீஸ் மிஞ்சும்? மொத்தம் 3,010, 6-ஆல் வகுத்தால் மீதி 4, விடை 4 என்று அவசரமாக எழுதத் தோன்றும். ஆனால் எம் சைஸ் 990-தான் இருக்கிறது. செட்டுக்கு இரண்டு வேண்டும். 495 செட்டோடு அது தீர்ந்துவிடுகிறது. மற்ற சைஸ் எவ்வளவு இருந்தாலும் 496-ஆவது செட் போட முடியாது. எஸ்ஸில் 15, எல்லில் 20, எக்ஸ்எல்லில் 5, ஆக 40 பீஸ் மிஞ்சும். 4-க்கும் 40-க்கும் உள்ள தூரம் கேள்வியைச் சரியாகப் படிப்பதில் இருக்கிறது. பேக்கிங் டேபிளில் நிற்கும் அக்காக்கள் இதைப் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் கண் மொத்தத்தில் இருக்காது. எந்த சைஸ் முதலில் தீரும் என்பதில் இருக்கும்.

இன்னொரு கேள்வி. 8-ஆல் வகுத்தால் மீதி 5, 9-ஆல் வகுத்தால் மீதி 4, 7-ஆல் வகுத்தால் மீதி 1. அந்த எண் எது? அ) 61 ஆ) 77 இ) 85 ஈ) 93. நேற்று அச்சடித்த மாதிரி வினாத்தாள் கேள்வி போல இருக்கிறதா? நான்கு விடைகளை மட்டும்தான் நான் சேர்த்தேன். கேள்வி கி.பி. 629-இல் முதலாம் பாஸ்கரர் எழுதிய உரையில் இருப்பது. அவர் உரை எழுதியது, ஆரியபட்டர் தம் 23-ஆம் வயதில், கி.பி. 499-இல், இயற்றிய ஆரியபட்டீயத்துக்கு.

தேர்வு அறையில் இதை எப்படிப் போடுவது? முதலில் 8-ஐ எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். நான்கு விடைகளுமே 8-ஆல் வகுக்க மீதி 5 தருபவை! 9-ஐ எடுங்கள். 6 + 1 = 7. 7 + 7 = 14, அதாவது 5. 8 + 5 = 13, அதாவது 4. 9 + 3 = 12, அதாவது 3. விடை 85. பத்து விநாடி. எந்த நிபந்தனையை முதலில் சோதிப்பது என்று தேர்ந்தெடுப்பதில்தான் நேரம் மிச்சமாகிறது.

விடைகள் கொடுக்காவிட்டால்? 8-ஆல் 5 மிஞ்சும் எண்கள்: 5, 13, 21, 29... 9-ஆல் 4 மிஞ்சும் எண்கள்: 4, 13, 22... இரண்டிலும் இருப்பது 13. இனி 8, 9 இரண்டின் நிபந்தனையும் கெடாமல் நகர வேண்டுமானால் 72, 72-ஆகத் தாவ வேண்டும். 13-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 6, ஆகாது. 13 + 72 = 85; மீதி 1. முடிந்தது. அடுத்த விடை வேண்டுமானால் 504 கூட்டிக்கொள்ளுங்கள்: 589.

எண்கள் சிறியவையாக இருப்பதால் இப்படித் தேட முடிகிறது. ஆரியபட்டர் காலத்துக் கணக்கர்களுக்கு வந்த எண்கள் லட்சங்களிலும் கோடிகளிலும் இருந்தன. கிரகங்களின் சுற்றுகளையும் நாட்களையும் பொருத்த வேண்டியிருந்தது. அதற்காக அவர் தந்த முறை குட்டகம். பெரிய எண்ணைச் சிறியதால் வகுப்பது. வந்த மீதியால் சிறியதை வகுப்பது. அதில் வந்த மீதியால் முந்தைய மீதியை வகுப்பது. மீ.பொ.வ. காண உங்கள் பாடப்புத்தகம் சொல்லும் தொடர் வகுத்தல் இதுதானே என்று கேட்டால், ஆமாம், தொடக்கம் அதேதான். அந்தப் படிகளைத் திரும்பப் பின்னாலிருந்து சேர்த்துக்கொண்டு வந்து விடையைப் பிடிப்பது ஆரியபட்டர் முறையின் சிறப்பு.

தமிழ்நாட்டில் மீதியை வைத்தே நிலவைப் பிடித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். வாக்கிய பஞ்சாங்கம் கணித்தவர்கள். நிலா வானில் எல்லா நாளும் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது வேகம், தள்ளிப் போகும்போது மெதுவு. இந்த வேக மாற்றம் ஏறத்தாழ 27.55 நாளுக்கு ஒரு முறை திரும்புகிறது. ஒன்பது முறை திரும்ப 248 நாள். அதனால் 248 நாளுக்கும் நாளொன்றுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள் செய்து மனப்பாடமாக வைத்துக்கொண்டார்கள். எழுத்துக்கு இன்ன எண் என்ற ஏற்பாடு உண்டு. வாக்கியத்தைச் சொன்னால் நிலவின் இடம் எண்ணாக வந்துவிடும்.

வேண்டிய நாளுக்கு எந்த வாக்கியம்? கலியுகத் தொடக்கத்திலிருந்து அந்த நாள் வரை உள்ள நாட்களில் 16,00,984-ஐக் கழிப்பார்கள். மிஞ்சியதை 12,372-ஆல் வகுப்பார்கள். அதில் வந்த மீதியை 3,031-ஆல், அதில் வந்த மீதியை 248-ஆல். கடைசி மீதிதான் வாக்கியத்தின் எண். எடுத்துக்காட்டுக்கு, கழித்தபின் மிஞ்சியது 2,65,000 நாள் என்று வைத்துக்கொள்வோம். 12,372-ஆல் வகுத்தால் மீதி 5,188. அதை 3,031-ஆல் வகுத்தால் மீதி 2,157. அதை 248-ஆல் வகுத்தால் மீதி 173. நூற்று எழுபத்து மூன்றாம் வாக்கியத்தைச் சொல்ல வேண்டியதுதான். ஈவுகளையும் வீணாக்கவில்லை, அவற்றுக்கென்று உள்ள சிறு திருத்தங்களைக் கூட்டிக்கொள்வார்கள். 725 ஆண்டுக்கு மேற்பட்ட நாட்கள் மூன்று வகுத்தலில் ஒரு சின்ன எண்ணாகச் சுருங்கிவிடுவதை நினைத்துப் பாருங்கள்! ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்தக் கணிதர் காகிதம் இல்லாமல், தரையில் சோழிகளைப் பரப்பிவைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு 1825-ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1-க்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் முடியும் நேரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிசகினாலும், தொடங்கும் நேரத்தில் 4 நிமிட வித்தியாசம்தான்.

நாள் கணக்கு உங்கள் தேர்விலும் வரும். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 1950 ஜனவரி 26 என்ன கிழமை? மொத்த நாளை எண்ண வேண்டாம். 7-ஆல் வகுத்த மீதிகளை மட்டும் சேர்த்துக்கொண்டு போங்கள். 1949 ஆகஸ்ட் 15 வரை இரண்டு ஆண்டு, நடுவில் 1948 லீப் ஆண்டு: 1 + 2 = 3. ஆகஸ்டில் மிச்சம் 16 நாள்: 2. செப்டம்பர் 2, அக்டோபர் 3, நவம்பர் 2, டிசம்பர் 3. ஜனவரி 26 நாள்: 5. கூட்டினால் 20, 7-ஆல் வகுத்தால் மீதி 6. வெள்ளிக்கு ஆறு நாள் கழித்து வியாழன். குடியரசு பிறந்தது வியாழக்கிழமை.

கிழமைக்கு 7 போல, தமிழ் ஆண்டின் பெயருக்கு 60. ஆங்கில ஆண்டை 60-ஆல் வகுத்து, மீதியிலிருந்து 6-ஐக் கழித்தால் பிரபவ முதல் எண்ணி எத்தனையாவது ஆண்டு என்று வந்துவிடும். கழிக்க முடியாதபடி மீதி 6-ஓ அதற்குக் குறைவோ வந்தால் 60-ஐக் கூட்டிக்கொண்டு கழியுங்கள். சித்திரை பிறப்பதற்கு முந்தைய மாதங்களுக்கு ஓர் ஆண்டு பின்னால் போக வேண்டும். 2025-ஐ 60-ஆல் வகுத்தால் மீதி 45; 45 − 6 = 39; விசுவாவசு. 1947-க்கு மீதி 27. 21-ஆவது ஆண்டு, சர்வசித்து. ராமானுஜன் பிறந்த 1887-க்கும் மீதி 27, அதுவும் சர்வசித்து. உங்கள் அம்மாயியிடம் பிறந்த வருடத்தைக் கேட்டு, மீதியைக் கண்டுபிடித்து, பெயரைச் சொல்லுங்கள். வருடம் நினைவில்லை, தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் தெரியும் என்று அவர் சொன்னால் இன்னும் நல்லது. அதிலிருந்து ஆங்கில ஆண்டைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சுவையான கணக்கு, அதற்கு அவருடைய வயதைத் தோராயமாகத் தெரிந்துகொண்டாலே போதும்.